பனிக்குக் கீழே பனி

விழா மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரையொன்று வேண்டியபொழுது, கல்லூரி நினைவுகளை எழுதுதலே தகும் என்று முதலில் எண்ணினேன். ஆயின், அவற்றை என்னிலும் நன்றாக எழுதவல்லார் பலர் இம்மலரிலே எழுதுவர். கனடா நாட்டின் மேற்குப் புறத்திலே, மலைகள் சூழ்ந்த சிற்றூரொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் பழைய மாணவன் ஒருவன், தன் வீட்டுச் சாளரத்தினூடாக நாள்தோறும் காணும் பொருளைப்பற்றி எழுதினால், அஃது இங்குள்ள மாணவர்க்குப் புதியதாகவேனும் இருக்கும் என்று துணிந்தேன். அப்பொருள் பனி, சிறப்பாக, மலைச்சரிவிலே கிடக்கும் பனியும், அதன்மீது இயந்திர வண்டியேறிச் செல்வோர்க்கு அதனால் நேரும் அபாயமுமாம்.

அவ்வூரின் பெயர் ரெவெல்ஸ்ரோக். பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலே, கொலம்பியா ஆற்றங்கரையில், செல்கேர்க் மலைத்தொடருக்கும் மொனாஷி மலைத்தொடருக்கும் இடையே அமைந்தது. பசுபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதித் தன் சுமையையெல்லாம் பனியாகக் கொட்டிவிடும். ஊருக்கு அண்மையிலுள்ள கோப்லண்ட் மலையில் 1971-72 ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே 24 மீற்றருக்கு மேற்பட்ட பனி விழுந்ததென்பர். விழுந்த பனி அவ்வளவும் அவ்வுயரத்தில் நில்லாது. தன் பாரத்தினாலேயே அமுங்கி இறுகும். எனினும், வீட்டு முற்றத்தில் ஆளுயரத்துக்குக் குவிந்திருப்பதைச் சவளால் அள்ளி எறிந்துவிட்டே காலையில் பாடசாலைக்குப் போக வேண்டியிருந்த நாள்கள் பல.

பனி என்ற சொல்லைப்பற்றி ஈண்டு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகின்றேன். யாழ்ப்பாணத்தில் பனியென்றால் மார்கழியிலும் தையிலும் விடியற்காலையிற் புல்நுனியிலே நிற்கும் நீர்த்துளியே. 'பனிக்குள்ளே நில்லாதே, தடிமன் பிடிக்கும்' என்று தாய்மார் ஏசுவதும் அதுபற்றியே. கனடாவுக்கு வந்த தமிழர், வானிலிருந்து பஞ்சுபோல் இறங்குவதையும் பனியென்றே அழைத்தனர். வேறு சொல் இல்லாக் குறையால் நேர்ந்த குழப்பம் இஃதென்று நான் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். மலைப்பனியின் இயல்பைக் கற்றபின்னர் அவ்வாறு எண்ணுவதற்கில்லை. ஏனெனின், வானிலிருந்து விழும் பனிக்குக் கீழே புதைந்துகிடக்கும் நம்மூர்ப் பனியே ஆட்களைக் கொல்லுவது. அதனைப் பின்னர் விளக்குவேன்.

முதலில் வண்டியைப்பற்றிச் சொல்ல வேண்டும். முன்புறம் சறுக்குக்கட்டைகள் இரண்டும், பின்புறம் சுழலும் அகன்ற இறப்பர்ப் பட்டியொன்றும் கொண்டு, மோட்டார் சைக்கிளிற் போல ஏறியமர்ந்து பனிமீது ஓட்டப்படுவது ஸ்நோமொபைல். இதனைப் பனியுந்து என்று நான் சொல்லிக்கொள்வேன். கியூபெக் மாகாணத்து வல்கூர் என்னும் ஊரினரான ஜோசப் ஆர்மன் பொம்பார்டியே என்பவரின் இரண்டு வயது மகன், 1934 ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே, பனி மூடிய பாதையால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி இறந்தான். பனிமீது ஓடும் வண்டியில் முன்னரே நாட்டங்கொண்டிருந்த அத்தந்தை, அதன்பின் சில ஆண்டுகளிற் பலர் ஏறிச்செல்லத்தக்க வண்டியை ஆக்கினார். ஒருவர் இருவர் ஏறும் சிறிய வண்டி 1959 இலே வெளிவந்தது. பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு இல்லாமற்போன வண்டி இன்று இளைஞரின் விளையாட்டுப் பொருளாகியிருப்பதை நினைக்கும்பொழுது எனக்கு ஏதோவொன்று மனத்தை உறுத்தும். அது வண்டியின் குற்றமன்று.

இக்காலத்து மலைவண்டிகள் 150 குதிரைவலுவுக்கு மேற்பட்டவை. ஓட்டுநரோடு சேர்த்து ஏறக்குறைய 300 கிலோ எடை இருக்கும். மரவாலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் தம் உழைப்பிற் பெரும்பங்கை இதிலே போடுவர். நான் பௌதிகம் கற்பித்த வகுப்பிலே திங்கட்கிழமை காலைகளில் மாணவர் பேசுவதெல்லாம் இதுவாகவே இருக்கும். எவன் எந்தச் சரிவிலே எவ்வளவு உயரம் ஏறினான் என்பதே பேச்சு. செங்குத்தான சரிவொன்றில் இயந்திரத்தை முழுவேகத்தில் விட்டு, ஏறக்கூடிய மட்டும் ஏறி, நிற்கும் தறுவாயில் வளைத்துத் திருப்பி இறங்குவது அவர்களுடைய பந்தயம். பனியிலே பதிந்த தடமே அவனது உயரத்துக்குச் சாட்சி. அடுத்தவன் அத்தடத்திற்கு மேலே ஒரு தடம் போட முயல்வான்.

2011 இல் என் மகனும் பழைய வண்டியொன்றை வாங்கினான். அப்பொழுது அவன் மின்னிணைப்புத் தொழில் பழகிக்கொண்டிருந்தான், இருபத்திரண்டு வயது. அதற்கு முந்திய ஆண்டு மார்ச் 13 ஆம் திகதி எங்கள் ஊருக்கு அருகேயுள்ள போல்டர் மலையிலே நடந்தது எவர் மனத்தினின்றும் அகலாத காலம் அது. அன்று ஏறக்குறைய 200 பேர் மலைக்கிண்ணம் போன்ற பள்ளமொன்றிலே கூடியிருந்தனர். மேலே வண்டிகள் பந்தயமாக ஏறிக்கொண்டிருக்க, மற்றையோர் சரிவின் அடியிலே நின்று பார்த்தனர். சரிவு முழுவதும் பெயர்ந்து அவர்கள்மீது வந்தது. இருவர் இறந்தனர், முப்பது பேரளவிற் காயமுற்றனர். அபாயம்பற்றிய முன்னெச்சரிக்கை அதற்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. அன்று மாலை எங்கள் ஊர்மேலே ஹெலிக்கொப்ரர்கள் பறந்த ஓசையை என் மனைவி இன்றும் சொல்லுவாள். ஆதலின், வண்டியைக் கண்டதும் அவள் இரண்டு நாள் மகனோடு பேசவில்லை.

இருபத்திரண்டு வயது மகனை வீட்டிலே கட்டிவைக்க இயலாது. நான் அவனிடம், "தம்பி, நீ போறதெண்டால் போ. ஆனால் போற இடத்தைப் பற்றி நீ படிக்க வேணும், உன்னோடை நானும் வந்து படிக்கிறன்" என்றேன். அவன் சிரித்தான், மறுக்கவில்லை. அவ்வாண்டு மார்கழியிலே, பனிச்சரிவு பற்றிய இரண்டு நாள் வகுப்பொன்றிலே தந்தையும் மகனுமாகச் சேர்ந்தோம். பதினான்கு பேரில் நரைத்த தலை என்னுடையது மாத்திரமே.

முதல்நாட் பாடம் கோணத்தைப்பற்றியது. நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே சாய்தளப் பலகைமீது மரக்கட்டையை வைத்து, பலகையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, கட்டை எந்தக் கோணத்தில் வழுக்கத் தொடங்குகின்றதென அளந்த பரிசோதனை எல்லாருக்கும் நினைவிருக்கும். மலையும் அவ்வாறே. 30 பாகைக்குக் குறைந்த சரிவிலே பனித்தட்டு பெயர்தல் அரிது. மிகச் செங்குத்தான இடத்திலே பனி தங்குவதேயில்லை. சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். 30 க்கும் 45 க்கும் இடைப்பட்ட சரிவுகளே கொல்பவை. அவற்றுள்ளும் 38 பாகையளவிலே மிகுதி. வண்டி ஓட்டுநன் விரும்பித் தேடுவதும் அச்சரிவையே என்பதுதான் இதிலுள்ள கொடுமை. அன்றியும், நிற்குமிடம் சமதரையாயிருத்தல் மாத்திரம் போதாது. மேலே சரிவிருப்பின், கீழே மைதானம் போன்ற வெளியில் வண்டியை நிறுத்திச் சோறுண்பவனும் அதன் வாய்க்குள்ளேயே இருக்கின்றான். போல்டர் மலையில் அடியிலே நின்று பார்த்தோர் நிலை அதுவே.

இரண்டாம் நாள் மலைக்குச் சென்றோம். ஆசிரியை முப்பது வயதுதானிருக்கும் பெண். ஒன்றரை மீற்றர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டச் செய்து, வெட்டுமுகத்தைச் சவளால் மழித்துவிட்டு, "வாசியுங்கள்" என்றாள். வெண்சுவர் ஒன்றே எனக்குத் தெரிந்தது. பின்னர் ஒவ்வொரு படையாக விரலால் அழுத்திப் பார்க்கும்படி சொன்னாள். சில படைகளிற் கைமுட்டி எளிதிற் புகுந்தது. சிலவற்றில் ஒரு விரல்தான் புகுந்தது. சிலவற்றிற் பென்சில் மாத்திரம். ஒவ்வொரு படையும் ஒவ்வொரு வானிலையின் பதிவு. இங்கே புயல், இங்கே வெயில், இங்கே மழை பெய்து உறைந்த ஓடு. தரையோடு ஒட்டியிருந்த அடிப்படையைக் கிள்ளி உள்ளங்கையில் இட்டாள். அது சீனிபோல உதிர்ந்தது, பிசைந்தாலும் ஒட்டவில்லை.

அதற்குக் காரணம் இது. மாரிகாலத் தொடக்கத்திலே பனி மெல்லியதாயிருக்கும். தரை சுழியப் பாகையளவில் வெதுவெதுப்பாயிருக்கும். மேலே காற்றோ சுழியத்துக்குக் கீழ் 20 பாகை. இவ்வேறுபாட்டினால் நீராவி பனியினூடாக மேலேறி, உருண்டை மணிகளைக் கூர்முனைப் படிகங்களாக மாற்றிவிடும். பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு பாகைக்கு மேல் வேறுபாடிருந்தால் இம்மாற்றம் நிகழும் என்பது கணக்கு. படிகங்கள் ஒன்றோடொன்று பிணைவதில்லை. அவற்றின்மீது பின்னர் விழும் பனி இறுகிப் பலகையாகும். உதிரி மணல்மேற் சீமெந்துத் தட்டை சாய்வாக வைத்தாற்போன்ற நிலை.

இனி நம்மூர்ப் பனிக்கு வருவோம். வானம் தெளிந்து காற்றடங்கிய இரவிலே புல் தன் வெப்பத்தை இழந்து குளிர, காற்றிலுள்ள ஈரம் அதிற் படிவதே யாழ்ப்பாணத்துப் பனி. அதே இரவு கனடிய மலையிலே வருமாயின், அவ்வீரம் நீராகப் படியாது. நேரே படிகமாகி, பனிமேற்பரப்பிலே இறகுகள்போல நிமிர்ந்து வளரும். விடியலில் வெயில் பட்டால் வைரம் பதித்த வயலோ என்று மயங்கவைக்கும். அதைவிட அழகான காட்சியை நான் அந்நாட்டிற் கண்டதில்லை. அவ்விறகுகள் கலையுமுன் அவற்றின்மேல் ஒரு புயல் ஐம்பது சென்ரிமீற்றர் பனியைக் கொட்டுமாயின், அவை நின்றபடியே புதைந்துவிடும். வாரக்கணக்காக அப்படியே நிற்கும். மேலேயிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு யாதும் தெரியாது.

ஆசிரியை 30 சென்ரிமீற்றர் சதுரத் தூணொன்றைப் பனிச்சுவரிலே அறுத்துப் பிரித்து, அதன் தலையிலே சவளின் அலகை வைத்துத் தட்டத் தொடங்கினாள். முதலில் மணிக்கட்டை மாத்திரம் அசைத்துப் பத்துத் தட்டு. பின்பு முழங்கையிலிருந்து பத்து. அதன்பின் தோளிலிருந்து பத்து. இதுவே முறை. நாங்கள் உரக்க எண்ணினோம். பதின்மூன்றாம் தட்டிலே தூணின் மேற்பாகம் மேசை இலாச்சி இழுபட்டாற்போல நேர்த்தியாக வெளியே வழுக்கி, எங்கள் காலடியில் விழுந்தது. வழுக்கிய முகத்தை அவள் உருப்பெருக்குக் கண்ணாடியாற் காட்டினாள். இறகுகள் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தன. என் மகன் நெடுநேரம் அதனைக் குனிந்து பார்த்தான். அன்று அதன்பின் அவன் பகிடி விடவில்லை.

உரத்துச் சத்தமிட்டாற் பனிச்சரிவு வரும் என்று கதைகளிலும் சினிமாவிலும் காட்டுவர், அது கட்டுக்கதை. பாரமே அதனைப் பெயர்க்கின்றது. புதுப்பனியின் பாரம், காற்று வாரிக்கொண்டுவந்து முகட்டின் மறுபுறத்திற் குவிக்கும் பாரம், அல்லது ஒரு மனிதனின் பாரம். உயிரிழப்பு நேர்ந்த சம்பவங்களிற் பத்துக்கு ஒன்பதிலே, இறந்தவனோ அவனோடு சென்றவனோதான் அச்சரிவைப் பெயர்த்திருக்கின்றான். மலை ஒருவனைத் தேடிவந்து கொல்வதில்லை. ஆளே போய் அதனைத் தொடுகின்றான்.

இவ்விடத்திலேதான் பனியுந்தின் தனித்தன்மை வருகின்றது. சறுக்குக்கட்டை கட்டி நடப்பவன் ஒரு சரிவின் உச்சியை அடைய அரைநாள் செல்லும். வழியெல்லாம் பனியின் ஓசையைக் கேட்பான். காலடியிலே 'உம்ப்' என்று படை அமுங்கும் சத்தம் அவனுக்கு எச்சரிக்கை. வண்டி ஓட்டுநனுக்கோ தலைக்கவசமும் இயந்திர முழக்கமும் காதை அடைத்துவிடும். அவன் ஒரு முற்பகலுக்குள் இருபது சரிவுகளை ஏறி இறங்கிவிடுவான். ஒவ்வொன்றும் புதிதாக ஒரு காயுருட்டல். ஒருவன் ஏறிய சரிவிலே ஒன்றும் நிகழாததால் அது நல்லதென்று முடிவுகட்டுவான் அடுத்தவன். ஆனால், பாறைக்கருகிலே பனி மெலிந்த ஓரிடத்தைத் தொடுமட்டும் சரிவு பொறுத்திருக்கும். பத்தாவது வண்டி அவ்விடத்தைத் தொடும். எல்லாவற்றிலும் கேடானது, நடுச்சரிவில் வண்டி புதைந்துவிட்டால் நண்பன் உதவிக்கு ஏறுவது. அப்பொழுது சரிவிலே இரண்டு வண்டி, இரண்டு ஆள். நட்பே அங்கு பாரமாகின்றது.

2008 டிசெம்பர் 28 ஆம் திகதி, இதே மாகாணத்தின் தென்கிழக்கிலே, ஃபேர்னி என்னும் ஊருக்கு அப்பாலுள்ள ஹார்வி கணவாயில் நிகழ்ந்தது நெஞ்சை உருக்குவது. ஸ்பார்வூட் என்ற சுரங்க ஊரைச் சேர்ந்த பதினொருவர் இரு குழுக்களாகச் சென்றிருந்தனர். எழுவர்மீது சரிவு விழுந்தது. மற்றைய நால்வரும் ஓடிச்சென்று அவர்களைத் தோண்டிக்கொண்டிருக்கையிலே இரண்டாஞ் சரிவு வந்து அவர்களையும் மூடியது. இருவர் தாமாக வெளிவந்து மூன்றாமவரைத் தோண்டியெடுத்தனர். மேலும் சரியும் என்ற நிலையிலே, புதைந்த நண்பரை விட்டுவிட்டு அம்மூவரும் கீழே நடந்தனர். எண்மர் மீளவில்லை. அந்த ஒரு குளிர்காலத்திலே இம்மாகாணத்திற் பனிச்சரிவால் இறந்தோர் 24 பேர். அவர்களுள் 19 பேர் பனியுந்து ஓட்டிகள்.

எங்கள் ஊருக்குக் கிழக்கேயுள்ள ரோஜர்ஸ் கணவாயிலும் 1910 மார்ச் 4 ஆம் திகதி இரவு இவ்வாறே நிகழ்ந்தது. இருப்புப்பாதைமேல் விழுந்த ஒரு சரிவை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது, எதிர்மலையிலிருந்து மற்றொன்று இறங்கி 58 பேரைக் கொன்றது. அவர்களுட் பலர் யப்பானியத் தொழிலாளர். பிழைக்க வந்த நாட்டிலே பனிக்குட் கிடந்தோரைப்பற்றி வாசிக்கும்பொழுது, நாமும் பிழைக்க வந்தவர்களேயென்ற எண்ணம் வராமற் போவதில்லை.

புதைந்தவனுக்குக் கிடைக்கும் காலம் எவ்வளவு? சுவிற்சர்லாந்துத் தரவுகளைக்கொண்டு 2024 இல் வெளியான ஆய்வொன்றின்படி, பத்து நிமிடத்துள் எடுக்கப்பட்டால் பத்துப்பேரில் ஒன்பதின்மர் பிழைப்பர். அரைமணி கடந்தால் மூவரே. ஹெலிக்கொப்ரர் வந்துசேர்வதற்குள் அக்காலம் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆதலின், காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் கூட்டாளிகள் மாத்திரமே. அதற்கெனச் சமிக்ஞை அனுப்பவும் வாங்கவும் வல்ல ரான்சீவர் என்னும் சிறு கருவி, மடக்குக் கம்பி, சவள் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் உடலிலே கொண்டுசெல்ல வேண்டும். வண்டியிற் கட்டிவைத்தாற் பயனில்லை. சரிவிலே வண்டி ஒருபுறமும் ஆள் ஒருபுறமும் போய்விடுவர். கைத்தொலைபேசியும் சூடேற்றிய கையுறையும் அச்சமிக்ஞையைக் குழப்புமாதலால் அவற்றை விலக்கி வைத்தலும் வேண்டும். வகுப்பிலே ஆசிரியை ஒரு பையை மீற்றர் ஆழத்திற் புதைத்துவைத்தாள். கருவியின் ஓசையைத் தொடர்ந்து அதனைக் கண்டறிய என் மகனுக்கு நான்கு நிமிடம் சென்றது. இருவருமாகத் தோண்டியெடுக்க மேலும் ஏழு நிமிடம். சரிவிலே கிடந்த பனி சீமெந்துபோல் இறுகியிருக்குமென்றும், இது மென்பனியென்றும் அவள் சொன்னாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பையை நான் பையாக எண்ணித் தோண்டவில்லை என்பதை வாசகர் உணர்வர்.

2003 ஆம் ஆண்டிலே இரு வாரங்களுக்குள் எங்கள் ஊரைச் சூழ்ந்த மலைகளிலே பதினால்வர் இறந்தனர். அவர்களுள் எழுவர் ரோஜர்ஸ் கணவாய்ப் பக்கம் வந்த பாடசாலைப் பிள்ளைகள். மறுநாள் என் வகுப்பறை இருந்த இருப்பை எழுத விரும்பவில்லை. அவ்விழப்புகளின் பின், 2004 இல், கனடாவின் பனிச்சரிவு நிலையம் எங்கள் ஊரிலேயே அமைக்கப்பட்டது. குளிர்காலத்தில் நாள்தோறும் அது அறிக்கை வெளியிடும். அபாயம் ஐந்து படியாக வகுக்கப்பட்டிருக்கும். நான்காம், ஐந்தாம் படிகளிற் பலர் வீட்டிலிருந்துவிடுவர். உயிர்கள் மிகுதியாகப் போவது மூன்றாம் படியிலேதான். புயல் ஓய்ந்து, வானம் நீலமாகி, புதுப்பனி மின்ன, சனிக்கிழமையும் சேர்ந்துவந்தால் எவன் வீட்டிலிருப்பான்?

2022-23 குளிர்காலம் மகனுக்குச் சோதனையாய் வந்தது. கார்த்திகைக் குளிரிலே அடிப்பனி சீனியாகிவிட்டது. 2003 ஐ நினைவூட்டும் பனியென நிலையத்தார் எச்சரித்தனர். அப்பலவீனம் வழக்கம்போலச் சில வாரங்களில் ஆறிவிடாது, வசந்தம் வரையும் ஆழத்திலே கிடந்தது. தைமாதம் ஒருநாள் மாலை மகன் மலையடிவாரத்திலிருந்து தொலைபேசியிற் பேசினான். "அப்பா, நாங்கள் இண்டைக்கு மேலை போகேல்லை. மரங்களுக்குள்ளேதான் ஓடினனாங்கள். இரண்டு பேர் கோவிச்சுக்கொண்டு வேறை ஆக்களோடை போட்டினம்" என்றான். அவ்விருவரும் அன்று மாலை சுகமாகத் திரும்பினர். அடுத்த வாரம் மகனைக் கேலியும் செய்தனர். அறிவோடு நடந்தவனுக்கு மலை சான்றிதழ் எதுவும் கொடுப்பதில்லை. கடக்காத சரிவு பெயர்ந்திருக்குமா என்பதை எவரும் எக்காலத்தும் அறியார். அவன் அக்குளிர்காலம் முழுவதும் தாழ்ந்த வெளிகளிலேயே ஓடினான். நண்பர் இருவரை இழந்தான், பேச்சுவார்த்தையில் மாத்திரம்.

சித்திரை வருடப்பிறப்பன்று வண்டியைக் கழுவி, எண்ணெய் பூசி, தறப்பாள் போட்டு மூடினான். இப்பொழுது அவனுக்கும் ஒரு மகன் உண்டு, நான்கு வயது, தறப்பாளுக்குள்ளே புகுந்து வண்டிமேல் ஏறியிருந்து வாயால் முழங்குவான். ஐப்பசியில் உச்சிகளிலே முதற்பனி தெரிந்ததும், நிலையத்தாரின் அறிக்கையைத் தேடி வாசிக்கும் பழக்கம் என் மனைவிக்கும் வந்துவிட்டது. ஆங்கில அறிக்கையை வாசித்து முடித்துவிட்டு, "இந்த முறை கீழ்ப்பனி எப்படியாம்?" என்று என்னைத் தமிழிலே கேட்பாள்.